மிதிபடாத வெள்ளைத் தட்டு

போசோ சலாதோ,
ஜனவரி 3

பிரியமுள்ள ராதமேஸுக்கு,

வேர்க்கடலை எலிஹியோ எழுதுவது. எழுதுவது என்றால், நான் சொல்கிறேன், என் மகள் ராதைசா எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். இவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கை வேகம். நான் இருமினால் அதையும் எழுதிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

நியூயார்க்கில் முழங்கால் அளவு பனி என்று ரேடியோவில் சொன்னார்கள். பஸ் ஓட்டும்போது காலுக்குக் கம்பளி போட்டுக்கொள். இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரி நெரேய்தாவுக்கு முட்டிவலி, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. அடுத்த தெரு அல்பானியா புதன்கிழமை விமானம் ஏறுகிறாள். இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலம் வறுத்த கடலையையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடலையில் ஒரு பிடி அவள் தின்றுவிடுவாள், கண்டுகொள்ளாதே.

சேதிக்கு வருகிறேன். நம் கூழைக்கடா பேஸ்பால் அணிக்கு இந்த மாதம் ஐம்பது வயது. மைதானத்து வெளிச்சுவர் முழுக்க வெள்ளை அடித்திருக்கிறார்கள். மறக்க முடியாத பத்து நாட்களை அதில் பத்துப் படமாக வரையப்போகிறார்களாம். கிளப்பில் லிசெல் என்று ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். நேராக என் கடலை டின் முன்னால் வந்து நின்றாள். “எலிஹியோ ஐயா, பேப்பர்ல வெறும் ரன் கணக்குதான் இருக்கு. எனக்குக் கதை வேணும். நீங்கதான் ஒரு ஆட்டம் விடாம பாத்தவராமே?” என்றாள். இப்படி ஒருத்தி கேட்கட்டும் என்றுதானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்!

முதல் வருஷத்து ரயில் கதையைச் சொன்னேன். அப்போது வலப்பக்கம் வேலி கிடையாது, கரும்பு ரயில் போகும். நம் ஆள் அடித்த பந்து ஓடுகிற வண்டியில் போய் விழுந்தது. எதிரணியான நண்டு அணிக்காரன் ஒருவன் துரத்திக்கொண்டே போய் வண்டியில் ஏறினான், ஆலை வாசலில்தான் இறங்க முடிந்தது. மூன்று மணி நேரம் கழித்து வாய் நிறையக் கரும்போடு திரும்பி வந்தான். மைதானத்தில் கூட்டிப் பெருக்குகிறவன் மட்டும்தான் இருந்தான். இவன் பந்தை இரண்டாம் பேஸில் வைத்து, “அவுட்டா இல்லையா, சொல்லிட்டுப் போ” என்று அவனிடம் சண்டை போட்டான்.

அப்புறம் நிஜக் கூழைக்கடா ஒன்று பறந்து வந்து இரண்டாம் பேஸில் உட்கார்ந்த கதை. அம்பயரை விரட்டச் சொன்னால், “உங்க கொடியில இருக்கற ஆளு. நான் தொட மாட்டேன், நீங்களே பேசிக்கங்க” என்றுவிட்டார். அரை மணி நேரம் ஆட்டம் நின்றது, என் டின் காலி. அந்த அம்பயருக்கு ஒரு மச்சான் இருந்தான், படகு கட்டுகிறவன், ஒருமுறை கதவு வைத்துப் படகு கட்டினான்... சரி, வேண்டாம். ராதைசா முறைக்கிறாள்.

இப்படி ஒன்பது நாளைச் சொல்லி முடித்தேன். பத்தாவதை லிசெலே சொன்னாள். “ஜனங்க எல்லாரும் மறதி ராதமேஸ் படத்தத்தான் கேக்கறாங்க. தலையில்லாத ஆள் ஓடற மாதிரி வேடிக்கையா வரையலாம்னு இருக்கோம்.”

கடலைக் கரண்டி என் கையிலிருந்து விழுந்துவிட்டது, ராதமேஸ்.

உன் பெயருக்கு முன்னால் இந்த ஊர் ஒட்டிய அந்த வார்த்தை வாயோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். சுவரில் ஏறினால் எப்போது இறங்கும்? அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. அல்தாக்ராசியா மாதா திருநாள், மத்தியான வெயில், இறுதி ஆட்டம். ரெண்டு பக்கமும் சமம். நீ மூன்றாம் பேஸில் நிற்கிறாய். பந்து வலப்பக்கம் பறக்கிறது, நீ ஓடி வருகிறாய். தரையில் பதித்த கடைசி வெள்ளைத் தட்டை நீ மிதித்தால் ரன், கோப்பை நமக்கு. ஜனம் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் நான். தட்டுக்கு ஓரடி இருக்கும்போதே உன்னை இடுப்போடு அள்ளித் தோளில் தூக்கிவிட்டேன். சந்தோஷத்தில் கண் தெரியவில்லை. உன் கால் அந்தரத்தில் ஆடியது. “டேய் எலிஹியோ, இறக்குடா, இறக்குடா!” என்று நீ என் மண்டையில் அடித்தாய். ஆடுகிறாய் என்று நினைத்து நானும் ஆடினேன்.

இறக்கிவிட்டபோது நண்டு அணிக்காரன் பந்தோடு தட்டின்மேல் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

ஜனம் தடுத்திருந்தால் ரன் உண்டு, ஆட்டக்காரன் தானே நின்றுவிட்டால் கிடையாது. அம்பயர் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவர், எதையும் பார்க்கவில்லை. உன்னைக் கேட்டார்: “உன்ன யாராவது புடிச்சாங்களா, நீயா நின்னுட்டியா?”

நீ கூட்டத்தைப் பார்த்தாய். டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாய். முந்தின வாரம் கிளப்காரர்கள் எங்களை வாசலில் நிறுத்தி எச்சரித்தபோது நீயும்தானே பக்கத்தில் நின்றாய்? வியாபாரி எவனாவது மைதானத்துக்குள் கால் வைத்தால் அப்புறம் வாசலையே மிதிக்க முடியாது என்றார்கள். என் டின்னில் கைவிட்டு, “கேட்டுக்கடா, உன் கால கட்டி வெச்சுக்க. வயித்துல புள்ளயோட ஒருத்தி இருக்கா வீட்ல” என்று சிரித்தாய். நெரேய்தாவுக்கு அப்போது எட்டு மாதம்.

“நானேதான் நின்னுட்டேன், மறந்துட்டேன்” என்றாய் அம்பயரிடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் நீண்டது, நண்டுகள் ஜெயித்தார்கள். மே மாதம் பிறக்கும் முன்னால் நீ விமானம் ஏறிவிட்டாய். வழியனுப்பக்கூட நான் வரவில்லை.

இந்த இடத்தில் ராதைசா பேனாவை வைத்துவிட்டாள். “வயித்துல இருந்தது நானா? அதனாலதான் எனக்கு இந்தப் பேரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போனாள். காப்பியோடு திரும்பி வந்தவள் நெரேய்தா, அவள் பின்னால் இவள். நெரேய்தா என்ன சொன்னாள் தெரியுமா? “பெரிய ரகசியம்! அன்னிக்கு உன் செருப்பு நிறைய செம்மண்ணு. அந்த மண்ணு ஆடுகளத்த விட்டா வேற எங்க இருக்கு? நீயா சொல்லுவேன்னு பாத்தேன். பாத்துப் பாத்து என் முட்டியே தேஞ்சுபோச்சு.”

நேற்றுக் காலை லிசெலிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசலை அடைப்பதானால் அடைக்கட்டும் என்று டின்னைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனேன். அவள் எழுந்து போய் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். பிறகு, “தலையில்லாத ஆள் வேண்டாம். அந்த இடம் வெள்ளையாவே இருக்கட்டும். என்ன வரையணும்னு அவர் வந்து சொல்லட்டும்” என்றாள். போகும்போது ஒரு பிடி கடலையும் அள்ளிக்கொண்டாள். அதனால் என் பிழைப்புக்குப் பயமில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அந்த வருஷக் கடைசியில் தட்டை மாற்றியபோது, தூக்கிப் போட்ட பழைய வெள்ளைத் தட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். ஆடு ஒருமுறை மூலையைக் கடித்துவிட்டது, மற்றபடி அப்படியேதான் இருக்கிறது. இந்த வீட்டில் ஒருவர் காலும் அதன்மேல் பட்டதில்லை.

இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி, அதே மாதா திருநாளில், ஆட்டம் தொடங்கும் முன்னால் அதைப் பழைய இடத்திலேயே பதித்துத் தருவதாக லிசெல் வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஒலிபெருக்கியில் நான் முதலில் பேசுவேன். யார் தூக்கினது, யார் பேசாமல் நின்றது, எல்லாம் சொல்வேன். நீ வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன்.

ஆனால் வா. நம் வயசுக்கு ஓட வேண்டாம், மூன்றாம் பேஸிலிருந்து நடந்தே வா. நான் வேலிக்கு வெளியேதான் நிற்பேன், ஒரு விரல்கூட உள்ளே வைக்க மாட்டேன். ராதைசா என் சட்டையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். நீ தட்டை நன்றாக மிதி, ரெண்டு காலாலும் மிதி. பிறகு திரும்பி என்னைக் கூப்பிடு. கூப்பிட்டால் மட்டும் வருகிறேன்.

மாதா உன் கால்களைக் காக்கட்டும்.

உன்னை இறக்கிவிடக் காத்திருக்கும்,
எலிஹியோ

(மாமா, இது நான், ராதைசா. பதினெட்டாம் தேதி விமானத்தில் இடம் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். உங்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.)