காய்ந்த மண்ணில் நட்ட ஆணி

இன்று காலை சுரங்க ஓரத்துக் கிராமத்தில் அதிர்வுமானி நடப் போனோம். சித்திரை வெயிலில் தரை கல்லாய்க் கிடந்தது. கருவியின் அடியிலுள்ள ஆணி இறங்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மண்ணில் சாய்த்தாள். குப்பென்று மண்வாசனை எழுந்தது. ஊரே கொண்டாடும் வாசனை. நான் பாட்டிலைப் பிடித்து நிறுத்தினேன். "வேணாம்மா, காஞ்ச எடமா பாத்து நடலாம்" என்றேன்.

அந்த வாசனையில்தான், நண்பா, சில வருடங்களுக்கு முன் நீ ஒருநாள் மாட்டிக்கொண்டாய். நம் ஒப்பந்தக் குழுவுக்கு ஒரே வேலை. நிலக்கரிக்கு மேலுள்ள பாறையை வெடிவைத்துத் தளர்த்தும்போது பக்கத்து ஊர்களின் சுவர்கள் எவ்வளவு அதிர்கின்றன என்று அளப்பது. அன்று கருவி சின்ன எண்ணைத்தான் காட்டியது. "பயமில்லீங்க" என்று சொல்லிவிட்டு நீ கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்தார்.

"பயமில்லன்றீங்க. செவுரு புதுசா விரிசல் விட்டுப்போய் கெடக்குது. எம்பொண்ணு பச்சப் புள்ளய அதுங்கிட்டதாங்க போட்டுகினு இருக்கா."

நீ துடைப்பதை நிறுத்தினாய். ஆணியைச் சுற்றியிருந்த ஈரத்தையே பார்த்தாய். தரை இறுகியிருக்கிறதென்று அரைக்குடம் தண்ணீர் ஊற்றி நட்டவன் நீ. அவசரத்துக்கு நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான்.

பாறையோ மண்ணோ, அதற்குள் மயிரிழைச் சந்துகள் உண்டு. ஈரம் புகுந்துவிட்டால் அதிர்வு அந்தத் தண்ணீரை அசைத்து அசைத்தே பலம் இழக்கும். மேலே பாரம் அழுத்தினால் சந்துகள் மூடிக்கொள்ளும், அதிர்வு களைப்பில்லாமல் தூரம் போகும். "ஈரம் தின்னுடும், அழுத்தம் தூக்கிகினு போவும்" என்று டீக்கடையில் கேட்டவனுக்கெல்லாம் சொல்வாய். ஊருக்குச் சொன்னதை உனக்கே சொல்லிக்கொள்ள மறந்துவிட்டாய்.

"வாய மூடிகினு வா மாப்ள, வேல போயிடும்" என்று நம் மேஸ்திரி உன் காதில் சொன்னார். நீ நேரே அந்த அம்மாவிடம் போனாய்.

"நான் அளந்தது தப்புங்கம்மா. புள்ளய தூக்கிகினு வேற வூட்ல இருங்க. காஞ்ச தரையில மறுபடி அளந்து சொல்றேன்."

மறுநாள் எண் எகிறியது. வெடிமருந்தைக் குறைத்தார்கள். சுவர் தப்பியது, உன் வேலை தப்பவில்லை. கிளம்பும்போது கடப்பாறையை என் கையில் கொடுத்து, "தண்ணி ஊத்தாம குத்து மாப்ள" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழைக்கத் தெரியாதவன் என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

போன சித்திரையில் உன் இதயம் திடீரென நின்றது. உனக்குக் குழி வெட்டியபோதும் தரை இறங்கவில்லை. யாரோ தண்ணீர் கேட்டார்கள். குடத்தைத் தூக்கிவந்தவர் அதே அம்மா. பின்னால் பேரன், பள்ளிச் சீருடையில். அந்நேரம் பார்த்து மத்தியான வெடிக்குச் சங்கு ஊதியது. குடத்தை நான் வாங்கினேன். இனி எந்த அதிர்வும் உன்னைத் தொடக்கூடாது என்றிருந்தது. அழுதுகொண்டே மொத்தத்தையும் ஊற்றினேன்.

உன் கடப்பாறை என்னிடம்தான் இருக்கிறது. அளக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. உன்னைப் பார்க்க வரும்போது மட்டும் ஒரு குடம் கொண்டுவருகிறேன்.