பெரிய அரங்கில் கல்யாணம், சின்ன அரங்கில் டாக்ஸி

ஜூன் 2, செவ்வாய்

இன்று தியேட்டர் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு மைக்கைக் கொடுத்தார். பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பெரிய ஹாலிவுட் படம் வருகிறது. காதல், சிரிப்பு, பதினொரு நட்சத்திரங்கள், அத்தனை பேரும் தமிழில் பேசுகிறார்கள். போஸ்டரில் பதினொரு வாயும் பல் தெரியச் சிரிக்கின்றன. பல் ஆஸ்பத்திரி என்று நினைத்து ஒருவர் டிக்கெட் அக்காவிடம் டோக்கன் கேட்டாராம். அக்கா சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும்.

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களை நிறுத்தி, “எப்படி இருந்தது?” என்று கேட்டு, போனில் பிடித்து, தியேட்டரின் இணையப் பக்கத்தில் போட வேண்டும். இதுதான் எனக்கு வைத்திருக்கும் பரீட்சை.

“மாசக் கடைசில உன் வேலை நிரந்தரமா இல்லையான்னு முதலாளிக்கு எழுதணும்மா. சொன்ன வேலையெல்லாம் சுத்தமா செய்யற. ஆனா இது தியேட்டர். வாயத் தொறக்காத ஆள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

தலையை ஆட்டினேன். அதாவது, வாயைத் திறக்காமல்.

வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். கூட வேலை செய்கிற அத்தனை பேரிடமும் “எம்பொண்ணு ஆபீஸர்” என்று சொல்லிவைத்திருக்கிறாள். அப்பா பெயின்டர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை மாட்டுவதற்காகப் பாதிச் சுவருக்குப் புதுசாக வண்ணம் அடித்தார். மீதிப் பாதி இன்னும் பழைய நிறத்தில்தான் இருக்கிறது. வேலை நிரந்தரமானதும் அதையும் அடிப்பாராம்.

ஜூன் 5, வெள்ளி

முதல் காட்சி. மைக்கை நீட்டினேன், குரல் வரவில்லை. வந்தவர் மைக்கை என் கையிலிருந்து வாங்கி “ஹலோ, ஹலோ” என்று தட்டிப் பார்த்து, “நல்லா வேலை செய்யுதும்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்றைய கருத்து அவ்வளவே. மைக் நன்றாக இருக்கிறது.

ஜூன் 6, சனி

ஒன்று கண்டுபிடித்தேன். போனைக் காட்டினால் எல்லோரும் “சூப்பர்” என்கிறார்கள். உண்மையெல்லாம் பெண்கள் கழிவறையில், கை கழுவுமிடத்தில் வருகிறது. அங்கே நானும் குழாயைத் திறந்து நின்றுகொண்டேன். இந்த ஊரிலேயே சுத்தமான கை இன்று என்னுடையதுதான்.

கேட்டவை:

“பதினொரு பேருல பத்து பேருக்கு ஜோடி சேந்துடுச்சு. மிச்சம் ஒருத்தர் யாருன்னு தேடறதுக்குள்ள லைட்டப் போட்டுட்டாங்க.”

“மூணு ஹீரோவுக்கும் ஒரே ஆளுதான் பேசறான். கண்ண மூடினா ஒருத்தனே மூணு பொண்ண ஏமாத்தற மாதிரி இருக்கு.”

“நகையெல்லாம் நல்லாருந்துச்சு.”

“என்னா படம்டி! இவ்வளவு தைரியமா எவன் எடுப்பான்? எங்க வீட்டுக்காரர் இடைவேளைக்கப்புறம் பாப்கார்னையே தொடல.”

யார் சொன்னது என்று போடாமல் இவற்றை அப்படியே பக்கத்தில் எழுதிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் பதிவுக்குக் கீழே சண்டை. ஒருத்தி, ‘அரைத்த மாவு’ என்கிறாள். இன்னொருத்தி, ‘உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் புரியும்’ என்கிறாள். ஒரே படத்துக்கா இத்தனை அபிப்பிராயம்?

ஜூன் 8, திங்கள்

வேடிக்கை. பெரிய அரங்கில் ஈ ஓட்டுகிறோம். சின்ன அரங்கில் திங்கட்கிழமை கூட இடமில்லை. இரண்டிலும் அதே படம்.

“சின்னதுல சீட்டுக்கெல்லாம் குஷன் மாத்தினோம்ல, அதான்,” என்றார் மேனேஜர். பிறகு யோசித்து, “அதோட உன் பக்கமும் வேலை செய்யுதும்மா. முதலாளிகிட்ட உன் பேரச் சொல்லிட்டேன். அனேகமா முடிஞ்ச மாதிரிதான்” என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ‘அனேகமா’வை வாயில் போட்டு மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டே போனேன்.

ஜூன் 9, செவ்வாய்

மேனேஜர் குஷியில் இரண்டு பாஸ் கொடுத்தார். அம்மாவையும் சித்தியையும் வரச் சொன்னேன். பார்த்தால் ஒன்று பெரிய அரங்கு, ஒன்று சின்ன அரங்கு. “ரெண்டும் ஒரே படம்தானே, என்ன வந்துச்சு?” என்று அம்மா சின்னதில் போய் உட்கார்ந்தாள். சித்தி பெரியதில் பத்து பேரோடு ராணி மாதிரி.

திரும்பும்போது பஸ்ஸில் ஆரம்பித்தது.

“பாவம்டி அந்தச் சுருட்டை முடிக்காரி. மழையில தனியா டாக்ஸி ஏறிப் போறா பாரு, எனக்கே அழுகை வந்துடுச்சு,” என்றாள் அம்மா.

“அவ எங்க தனியாப் போனா? அதான் ஏர்போர்ட்டுல அவன் வந்து கால்ல விழுந்து, அஞ்சு ஜோடிக்கும் ஒரே மேடைல கல்யாணம் பண்ணி முடிச்சாங்களே!”

“கல்யாணம் ஆச்சு, யாரு இல்லன்னா? அப்புறந்தானே சண்ட! கல்யாணம் ஆகி மூணாம் நாளே தட்டத் தூக்கி எறியலையா?”

“அக்கா, தட்டு எறிஞ்சது கல்யாணத்துக்கு முன்னாடி. நீ தூங்கிட்ட.”

“நான் தூங்கினேனா? நீதான் பாதில எந்திரிச்சு வந்துட்ட.”

“ஓசிப் படத்தப் பாதில விட்டுட்டு வர்ற ஆளா நான்?”

இது நியாயமான கேள்விதான். ஆனால் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தி ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். சித்தி எதையும் பாதியில் விடமாட்டாள். அம்மா நின்றுகொண்டுகூடத் தூங்குவாள், ஆனால் படத்தில் தூங்கமாட்டாள்.

அப்படியென்றால்?

ஜூன் 10, புதன்

அப்படியென்றால் இரண்டு பேர் சொல்வதும் சரி.

இன்று மதியக் காட்சியில் பெரிய அரங்குக்கும் சின்ன அரங்குக்குமாக ஓடி ஓடிப் பார்த்தேன். பெரிய அரங்கில் இடைவேளைக்குப் பின் சண்டை, பிரிவு, மழை, டாக்ஸி. அதன் பிறகு ஏர்போர்ட், கல்யாணம். சின்ன அரங்கில் இடைவேளை முடிந்ததும் ஏர்போர்ட், கல்யாணம்; அதன் பிறகு சண்டை, பிரிவு, மழை, டாக்ஸி. உடனே பெயர்கள் ஓடுகின்றன. சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

எங்கள் ஆப்பரேட்டர் அண்ணன் கம்ப்யூட்டரில் படத்தை நான்கு துண்டாகவும், கடைசியில் ஓடும் பெயர்களைத் தனித் துண்டாகவும் வரிசைப்படுத்தி, நடுவில் இடைவேளையைச் செருகுவார். ஒவ்வொரு அரங்குக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சின்ன அரங்கில் மூன்றும் நான்கும் இடம் மாறிவிட்டன. வெள்ளிக்கிழமையிலிருந்து எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. பதினொரு பேர் மாறி மாறி வந்து போகும் படத்தில் யார் எப்போது எதற்கு அழுதார்கள் என்று எவருக்கு ஞாபகம் இருக்கும்? போதாததற்கு மூன்று பேருக்கு ஒரே குரல்.

சிரித்துச் சிரித்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றது. கூட்டம் குஷனுக்கு வரவில்லை. என் பக்கத்துக்கும் வரவில்லை. தப்புக்கு வருகிறது. என் ‘அனேகமா’வும் அந்தத் தப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

ஆப்பரேட்டர் அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

“எங்கிட்டயேவா? நான் இந்த ரூமுக்குள்ள வரும்போது நீ பொறக்கவே இல்ல தங்கச்சி.” அப்படிச் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு வீட்டுல இருந்த உங்க அண்ணியோட போன்ல சண்ட போட்டுக்கிட்டே அடுக்கினேன்.”

“அதான்ணா கல்யாணத்துக்கப்புறம் சண்டை வந்துடுச்சு,” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. நான் ஒரு ஆளிடம் ஜோக் அடித்திருக்கிறேன்!

அவர் சிரிக்கவில்லை. “மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாரு. சத்தமில்லாம மாத்திடறேன். நீயும் வாயத் தொறக்காத.”

வாயைத் திறக்காமல் இருக்க எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

நல்லதுதானே?

ஜூன் 13, சனி

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. 

அம்மா சலவைக்கூடத்துக் கூட்டாளிகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னிடம் சொல்லவே இல்லை. மாலைக் காட்சி, சின்ன அரங்கு, சொந்தக் காசில் டிக்கெட். நாலு நாளாக இஸ்திரி மேஜையில் அந்த டாக்ஸியைப் பற்றித்தான் பேச்சாம். சித்தியையும் இழுத்துவந்திருந்தாள், “வந்து உன் கண்ணால பாரு” என்று.

படம் முடிந்து கதவு திறந்தது. எல்லோரும் அம்மாவைச் சுற்றி நின்றார்கள்.

“எங்கடி டாக்ஸி?”

“டாக்ஸி வந்துச்சு. கடைசிலதான் வரல.”

“நாலு நாளா கத கதயா சொன்ன! நெஞ்சே வெடிச்சுடும்னு சொன்ன! கட்டக் கடைசில எல்லாப் படம் மாதிரியும் தாலி கட்டாத கொறயா நிக்க வச்சு போட்டோ எடுத்து முடிச்சுட்டான்.”

“இவ பொண்ணு ஆபீஸர்னு சொன்னாளே, அதுவும் இந்த மாதிரிக் கததானா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். கூட வேலை செய்கிறவர்களின் கிண்டல்தான். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. சித்தியைப் பார்த்தாள். சித்திகூட ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். “நான் பாத்தேன்,” என்றாள் அம்மா. “சத்தியமா பாத்தேன்டி.” பிறகு மெதுவாக, “தூங்கிட்டேனோ என்னவோ” என்றாள்.

அதைத் தாங்க முடியவில்லை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அவளே ஒத்துக்கொள்கிறாள். என்னால்.

கையில் மைக் இருந்தது. எதற்கு அதில் பேசினேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஸ்பீக்கர் வழியாக லாபி முழுக்கக் கேட்டது.

“எங்கம்மா தூங்கல.”

எல்லோரும் திரும்பினார்கள். மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

“செவ்வாய்க்கிழமை அவங்க பாத்தது வேற. சின்ன அரங்குல ரெண்டு துண்டு இடம் மாறி ஓடிச்சு. கல்யாணம் முன்னாடி, சண்ட பின்னாடி. அம்மா சொன்னதும் நெஜம், சித்தி சொன்னதும் நெஜம். தப்பு தியேட்டரோடது. எனக்குப் புதன்கிழமையே தெரியும். நான் சொல்லல.”

 ஆப்பரேட்டர் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து, “அடுக்கினது நான்தாங்க,” என்று என் பக்கத்தில் நின்றார்.

இஸ்திரிக்கார அத்தை ஒருத்திதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அப்ப எங்களுக்கும் தப்பாவே போடுங்க. நாங்க அதுக்குத்தான் காசு கொடுத்தோம்.”

அப்புறம் ஒரே சிரிப்பு. யாரோ கை தட்டினார்கள். “தப்புதான் வேணும்” என்று பின்னாலிருந்து ஒரு கோஷம். மேனேஜர் சிரிக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

மேனேஜர் மைக்கை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட் அக்கா மட்டும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. அதனால் பயம் அதிகமாகிவிட்டது.

ஜூன் 16, செவ்வாய்

படம் கொடுத்த கம்பெனியிலிருந்து போன். மேனேஜர் நின்றுகொண்டே பேசினார். போனை வைத்ததும் என்னையும் அண்ணனையும் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவ நடந்தா இனிமே படமே கிடையாதாம்.” அண்ணனைப் பார்த்து, “உங்க வீட்டுச் சண்டைய வீட்டுலயே வச்சுக்கங்க. போங்க,” என்றார். அண்ணன் ஓடிவிட்டார். நான் நின்றேன்.

“நீ ஏன் அப்பவே சொல்லல?”

“கூட்டம் போயிடும். வேலையும் போயிடும்னு நெனச்சேன் சார்.”

மேனேஜர் மேஜையிலிருந்த ரசீதுகளை அடுக்கினார்.

“நானும் சொல்லிருக்க மாட்டேன்,” என்றார். “அதான் எரிச்சலா இருக்கு. போ, போய் வேலையப் பாரு.”

எந்த வேலையை? எத்தனை நாளைக்கு? கேட்கவில்லை.

ஜூன் 20, சனி

சித்தி வந்திருந்தாள். சமாதானமாம். ஐந்தே நிமிடம். இப்போது எந்த முடிவு சரி என்று சண்டை.

“கல்யாணத்தோட முடிச்சாதான்க்கா நிம்மதியாத் தூக்கம் வரும்.”

“ஆமா, அதுக்கப்புறம் எங்க தூங்கறது?” என்று அம்மா சொல்ல, அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் யாருடைய மகள் என்பதில் சந்தேகமே இல்லை.

ஜூலை 2, வியாழன்

வீட்டில் பெயின்ட் வாடை. அப்பா காலையிலேயே மீதிச் சுவரைத் தொடங்கிவிட்டார், தும்மிக்கொண்டே கிளம்பினேன்.

நாளை வருவது பேய்ப் படம். வெளியாவதற்கு முந்தின நாள், இரண்டு அரங்கிலும் தலையிலிருந்து கால்வரை உட்கார்ந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். என்னை நிரந்தரமாக்கிய உத்தரவில் மேனேஜர் கையாலேயே சேர்த்து எழுதிய வேலை அது. பெரிய அரங்கில் நான் ஒருத்தி மட்டும். கால் இரண்டையும் இருக்கையின் மேல் தூக்கிவைத்துக்கொண்டு, பாதிக் கண்ணால் பார்த்து முடித்தேன்.

விளக்கு எரிந்தது. மேலே சின்ன ஜன்னலில் ஆப்பரேட்டர் அண்ணன் தலை தெரிந்தது.

“தங்கச்சி! வரிச சரியா இருக்கா?”

எழுந்து நின்று, கையைக் குவித்து, முழுத் தொண்டையில் கத்தினேன்.

“சரியா இருக்குண்ணா! மொதல்ல செத்தாங்க, அப்புறந்தான் பேயா வந்தாங்க!”

இனிச் சின்ன அரங்கு.