ஆரணியின் புத்தக வீடியோ

ஞாயிறு, இரவு

போன மாதம் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும்போது, நான் வாசித்த நாவலின் கதையைக் காரில் மச்சாள் ஆரணிக்குச் சொன்னேன். புத்தகத்தைத் தொடாமலே அவள் அதை ஒரு நிமிட வீடியோவாக்கிப் போட்டுவிட்டாள்.

இன்று கோயில் கன்ரீனில் ஒரு அன்ரி அவளைப் பிடித்துக்கொண்டார். "நீர்தானே புத்தகக் கதை சொல்லுற பிள்ளை? உம்மைப் பார்த்துத்தான் என்ர மகள் லைப்ரரிக்கே போனவள்." பிறகு என்னிடம், "நீரும் இவவைப் போல ஏதாவது வாசியுமன்" என்றார்.

ஆரணி தோசையைப் பார்த்துக்கொண்டே, "ஓம் அன்ரி, நான் சொல்லிப் பார்க்கிறன்" என்றாள்.

பிழை பிடிக்கத்தான் இப்போது அந்த வீடியோவைப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அவள் சொல்வதைக் கேட்டால் எனக்கே அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாசிக்க ஆசையாக இருக்கிறது.

வாசிக்க மாட்டேன். இன்றைக்காவது மாட்டேன்.