காற்றுப் போக ஒரு துளை

நவம்பர் 18, திங்கள்

இன்றைக்கும் மழை. பிள்ளை பெற்ற வீட்டில் துணி காயாவிட்டால் என்ன பாடு என்று அம்மா காலையிலிருந்து புலம்பித் தீர்த்தாள். கடைசியில் பரணிலிருந்து பழைய இரும்புச் சட்டியை இறக்கி, அடுப்புக்கரி போட்டுக் கங்கு மூட்டி, பின்னறையில் மதினியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மேலே ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பிள்ளைத் துணிகளை விரித்தாயிற்று. ஜன்னலை அடைத்து, இடுக்கில் பழைய சேலைத் துண்டையும் திணித்திருக்கிறாள். பச்சை உடம்புக்காரிக்குக் கூதல் காற்று ஆகாதாம். துணியும் காயும், உடம்புக்கும் கதகதப்பு. அம்மாவுக்குத் தன் யோசனையில் ஒரே பெருமை.

முன்னறையில் நான் மின்விசிறியைச் சுழலவிட்டு, கனடாவில் பனியில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எந்தக் கூடாரம் ஏற்றது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுதான் என் பிழைப்பு. அங்கே உள்ள ஒரு கடை, கூடாரமும் அதற்குள் வைக்கிற விறகு அடுப்பும் விற்கிறது. வாங்க வருகிறவர்களின் கேள்விகளுக்கு நான் மின்னஞ்சலில் பதில் எழுத வேண்டும். நான் பட்ட ஒரே குளிர் கல்லூரியில் கொடைக்கானல் கூட்டிப்போனபோது பட்டதுதான். அதற்கே அழுதேன். சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பனிக்கு யோசனை சொல்ல எனக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நவம்பர் 20, புதன்

ஹரோல்ட் என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வருடா வருடம் மனைவியோடு வேட்டை முகாமுக்குப் போவாராம். அந்த அம்மாள் போன வசந்தத்தில் இறந்துவிட்டார். இந்த முறை அவரும் நாயும் மட்டும். வேட்டை பெரிதில்லை, அந்த இடத்தில் போய்ச் சில நாள் இருக்க வேண்டும், எந்தக் கூடாரம் வாங்கட்டும் என்று கேட்கிறார்.

எங்களிடம் இரண்டு கித்தான் கூடாரங்கள் உண்டு. நான்கு பருவமும் தாங்கும், இரண்டிலும் அடுப்பு வைக்கலாம், புகைக்குழாய் வெளியே போக வளையம் தைத்திருக்கும். ஒன்றில் கூரையடியில் எப்போதும் திறந்தே இருக்கிற வலைத் துளைகள், சூடு கொஞ்சம் போகும். இன்னொன்றில் அந்தத் துளைகளை உள்ளேயிருந்தே மடிப்புத் துணியால் ஒட்டி மூடிக்கொள்ளலாம்.

அதிகம் யோசிக்கவில்லை. குளிர் என்றால் அடைக்க வேண்டும், அவ்வளவுதானே? பின்னறையில் அம்மா செய்திருப்பதும் அதுதான். மூடுகிற கூடாரத்தையே வாங்குங்கள், இரவில் மேல் துளையை மூடிவிட்டு அடுப்பைத் தணித்து வையுங்கள், விடியும்வரை சூடு தங்கும் என்று எழுதி அனுப்பினேன். நன்றி என்று உடனே பதில் வந்தது. என் யோசனைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

அண்ணன் செல்வக்குமார் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டுச் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “அழவே மாட்டுக்கானே!” என்று பூரித்துப்போனான்.

உண்மைதான். எங்கள் வீட்டுப் பிள்ளை அழாது. பால் குடித்தால் தூக்கம், குடிக்காவிட்டாலும் தூக்கம். தெருவே மெச்சுகிறது. மதினியின் முகமும் சிவந்து களையாக இருக்கிறது. “கங்கு சூட்டுல தேறிட்டா,” என்கிறாள் அம்மா.

நவம்பர் 27, புதன்

மதினிக்குத் தலைவலி. அம்மா கோவில் புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசிவிட்டாள். மழை, மழை, மழை.

நவம்பர் 29, வெள்ளி

சாப்பாடு கொண்டுபோனபோது மதினி என்னை உள்ளே வரவிடாமல் கையைக் காட்டினாள்.

“ஏட்டி வேலு, மெதுவா வா. எங்கம்மா உக்காந்திருக்கா.”

தட்டை அப்படியே தரையில் வைத்தேன். மதினியின் அம்மா முருகம்மாள் போன தை மாதம் சிவகிரியில் இறந்துபோனார். தாய் இருந்திருந்தால் பேறுகாலம் அங்கேதான் நடந்திருக்கும். அவர் இல்லாததால்தான் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

“எங்கன மதினி?”

“கங்குப் பக்கத்துல. முட்டியக் கட்டிக்கிட்டு இருக்கா. ஒண்ணும் பேச மாட்டுக்கா. துணியத் திருப்பித் திருப்பிப் போடுதா.”

அங்கே ஒன்றும் இல்லை. கூடையும் துணியும்தான். மதினி பயப்படவில்லை. பேறுகாலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். மதினியின் முன்னால், “பெத்தவல்லா, வராம இருப்பாளா?” என்றாள். அடுக்களைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, “பேரன் மேல ஆசப்பட்டுக் கூட்டிட்டுப் போயிரக் கூடாதுட்டி,” என்றாள். சாயங்காலம் கரியை இரண்டு மடங்காக்கி, கைநிறையச் சாம்பிராணி போட்டு, கதவையும் சாத்திவிட்டாள்.

டிசம்பர் 2, திங்கள்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டால் உண்மையாகிவிடுமோ என்று ஒரு பயம்.

பேயாவது பிசாசாவது என்று நிரூபித்துவிட வேண்டும் என்றுதான் மத்தியானம் கணினியைத் தூக்கிக்கொண்டு பின்னறையில் போய் உட்கார்ந்தேன். மதினியும் பிள்ளையும் தூங்கினார்கள். கரண்ட் போனது. தெருவில் விசைத்தறிச் சத்தம் மொத்தமாக நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும். தலை கனத்தது. அப்போது எனக்குப் பின்னால் ஈரத்துணியை உதறுகிற சத்தம் கேட்டது. கூடவே கண்ணாடி வளையல் சத்தம்.

அம்மா என்றுதான் நினைத்தேன். அம்மா கண்ணாடி வளையல் போடுவதில்லை.

திரும்ப முடியலே. எந்திரிக்கணும்னு நெனைக்கேன், காலு கேக்க மாட்டுக்கு. யாரோ பக்கத்துல குனிஞ்சி என்னைய உத்துப் பாக்காங்கன்னு பிடரியில தெரியுது. எப்படி வெளிய வந்தேன்? சுவரப் பிடிச்சிக்கிட்டு வந்து முற்றத்துல வாந்தி எடுத்தேன். மழையில நனைஞ்ச பெறவுதான் தல தெளிஞ்சது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சாம்பிராணி போடுவாள்.

டிசம்பர் 4, புதன்

ஹரோல்ட் முகாமிலிருந்து திரும்பிவிட்டார். கடையின் இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துக் கருத்து எழுதியிருக்கிறார். மேலாளர் அதை எனக்கு அனுப்பி, பாராட்டுக் குறியும் போட்டிருக்கிறார்.

“சொன்னபடி மேல் துளைகளை மூடினேன். அருமையான சூடு. நாய் மட்டும் உள்ளே வர மறுத்துப் பனியிலேயே படுத்துக்கொண்டது. இத்தனை மாதத்துக்குப் பிறகு இந்தக் கூடாரத்தில் நான் தனியாக இருக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன்.”

படித்துவிட்டுக் கணினியை மூடி வைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில். அங்கேயுமா?

டிசம்பர் 5, வியாழன்

பூனை உள்ளே வந்துவிட்டது என்று அம்மா காலையில் பின்னறை ஜன்னலைத் திறந்து போட்டிருந்தாள். மத்தியானம்வரை திறந்தே கிடந்தது. மதினி அழுதுகொண்டிருந்தாள்.

“சன்னலத் தொறந்தா எங்கம்மா வர மாட்டுக்கா. அடச்சிரு வேலு, ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

அடைத்துவிட்டு வந்தேன். எனக்குள் என்னவோ உறுத்துகிறது, ஆனால் பிடிபடவில்லை. ஜன்னல் திறந்திருந்த நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. நல்ல கெட்டியான அழுகை. அம்மா காத்து பட்டதால் அழுகிறான் என்றாள்.

டிசம்பர் 8, ஞாயிறு. ஆஸ்பத்திரி.

நேற்று நடந்தது.

மேலாளரிடமிருந்து காலையில் மின்னஞ்சல். ஹரோல்டின் கருத்தைப் படித்த வேறொரு வாடிக்கையாளர் பதறிப்போய்க் கடைக்கு எழுதியிருக்கிறார். எல்லாக் கூடாரங்களின் விவரக் குறிப்பிலும் உடனே ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டுமாம். மூடிய கூடாரத்தில் தணல் எரிந்தால் வாசனை இல்லாத, கண்ணுக்குத் தெரியாத நச்சுக் காற்று தங்கும். தலைவலி வரும், குமட்டும், ஓயாத தூக்கம் வரும். இல்லாத ஆள் இருப்பதாகத் தோன்றவும் கூடும். வளர்ப்புப் பிராணிகளும் சின்னக் குழந்தைகளும் முதலில் பாதிக்கப்படலாம். எந்தக் குளிரிலும் மேல் துளையை மூடக் கூடாது.

சின்னக் குழந்தைகள் என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நாற்காலி கவிழ ஓடினேன்.

மதினி எந்திரிச்சி உக்கார முடியாமக் கெடக்கா. பிள்ள மடியில தொவண்டு கெடக்கு, தட்டுனா முழிக்கல. நான் சன்னல் பக்கம் போனதும் எங்கேருந்துதான் அவளுக்கு அம்புட்டு பலம் வந்துச்சோ, என் கையப் பிடிச்சி நகத்தால கீறுதா. “தொறக்காத! அவ போயிருவா! இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா!” சேலைத் துண்ட உருவி எறிஞ்சி ரெண்டு கதவையும் தள்ளித் தொறந்தேன். சட்டியத் தூக்கி முற்றத்து மழையில வீசுனேன். உள்ளங்கை பொத்துப்போச்சி, அப்போ தெரியல. அம்மா, “ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிட்டா?”ன்னு கத்துதா. பிள்ளையத் தூக்கிட்டு ஆட்டோவுக்கு ஓடுனேன். அம்மா மதினியத் தாங்கிட்டு வந்தா.

இருவருக்கும் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பிள்ளை இரவு முழுக்க மயங்கியே கிடந்தது. விடிகிற நேரத்தில் அழுதது. இந்த ஜென்மத்தில் இனி எந்தப் பிள்ளை அழுதாலும் அமர்த்தச் சொல்ல மாட்டேன்.

இங்கே பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே ஹரோல்டுக்கு எழுதினேன். நான் சொன்னது தவறு, மேல் துளையைத் திறங்கள், மூடிய கூடாரத்தில் இனிமேல் தூங்காதீர்கள். இந்நேரம் அவர் மறுபடி காட்டுக்குப் போயிருப்பாரே. படிப்பாரா?

டிசம்பர் 15, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தோம். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாதம் ஒருமுறை காட்ட வேண்டும். அண்ணன் லீவு போட்டு வந்து ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்னறை ஜன்னல் கதவுகளையே கழற்றிவிட்டான். கம்பியும் கொசுவலையும் மட்டும் இருக்கின்றன.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்று தானாகவே பேசினாள். “ஒங்க ரெண்டு பேரையும் பெத்துப்போட்டு அதே ரூம்லதான் கெடந்தேன். அதே சட்டிதான். எனக்கு ஒண்ணும் ஆவலயே.”

அப்போது அது ஓட்டு வீடு. ஓட்டு இடுக்கில் வானம் தெரியும், மழை பெய்தால் பாத்திரம் வைப்போம். போன வருடம்தான் அண்ணன் இடித்துக் காங்கிரீட் போட்டான், காற்றுப் புகாத ஜன்னல் வைத்தான். வீடு மாறியது, சட்டி மட்டும் மாறவில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தேன், வாங்கிச் சாப்பிட்டாள்.

மதினி என்னோடு பேசுவதில்லை.

டிசம்பர் 21, சனி

ஹரோல்ட் உயிரோடு இருக்கிறார்! படித்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

சின்னக் கடிதம். அவர் காட்டுக்குள் போகும் முன்பே என் கடிதம் கிடைத்ததாம். “துளைகளைத் திறந்து வைத்தேன். நாய் உள்ளே வந்து படுத்துக்கொண்டது. வேறு யாரும் வரவில்லை. கூடாரத்தில் குறை எதுவும் இல்லை, ஆனால் எனக்கு மிகவும் பெரிதாக இருக்கிறது. ஒருவர் மட்டும் படுக்கிற மாதிரி சிறியது உங்களிடம் இருக்கிறதா?”

இருக்கிறது. திறந்த துளை வைத்தது. அதன் விவரத்தை அனுப்பினேன்.

ஜனவரி 11, சனி

மழை போய்ப் பனி இறங்குகிறது. பிள்ளை தெருவுக்கே கேட்க அழுகிறான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அந்த இரும்புச் சட்டி அங்கே இல்லை. முற்றத்து மூலையில் நான் எறிந்த இடத்திலும் இல்லை. அம்மாவைக் கேட்டேன், அவள் தொடவே இல்லை என்றாள்.

மதினியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. தேய்த்துக் கழுவி, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பையில் கரி.

நான் குனிந்து பார்ப்பதை மதினி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி வேலு. எங்கம்மா எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தா. பாதியில நீ தொறந்துட்ட.”

“மதினி...”

“பிள்ளைய நீ முன்னறையில வச்சிக்கோ. அவனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு நா, நான் மட்டும் இருக்கேன். அந்தச் சன்னல்ல ஒரு போர்வையக் கட்டிக் குடு. அவ என்ன சொல்லுதான்னு கேட்டுட்டு வந்துருதேன்.”

திட்டியிருக்கலாம். அண்ணனைக் கூப்பிடுவேன் என்று மிரட்டியிருக்கலாம். எனக்கும் ஒரு நாள் இந்த அறையில் வளையல் சத்தம் கேட்டது என்று மட்டும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சட்டியையும் கரியையும் நான் எடுத்துக்கொண்டு வந்தபோது தடுக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், நாளைக்கே வருகிறான். டாக்டரிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

அதுவரை அவளைத் தனியாக விடுவதாக இல்லை. இனி என் படுக்கையும் பின்னறையில்தான் என்று சொல்லிப் பாயைக் கொண்டுபோனேன். மதினி கட்டிலை விட்டுக் கீழே இறங்கி, பிள்ளையோடு தரையில் படுத்திருந்தாள். சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

எனக்கு ஒரு பாய் அகலம் போதும். அவள் விட்டது இரண்டு பேர் படுக்கிற இடம். நடுவில் ஒரு பாய் அகலம் விட்டு, நான் ஜன்னலோரமாகப் படுத்துக்கொண்டேன்.