கடிவாளம் பிடித்தவர்

பெரிய காஞ்சிபுரம்,
சனிக்கிழமை

அன்புள்ள அத்தாவுக்கு, லுப்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நடந்ததை ஒன்றுவிடாமல் உள்ளபடியே எழுதப் போகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

சானியா அக்காவைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கும் வாலாஜாபாத் அக்பர் மாமா நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார். தலைமுறையாக நம் வீட்டில் இருக்கும் கையெழுத்துக் குதிரைச் சவாரிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நம் முப்பாட்டனார் உஸ்மான் ஆற்காடு நவாபின் குதிரைப்படைத் தளபதி என்று நீங்கள்தானே அவரிடம் சொன்னீர்கள்?

உங்கள் தம்பி அல்லவா, சாச்சா வழக்கம்போல் இவர்தான் உஸ்மான் என்று முதல் படத்தை மட்டும் காட்டினார். தங்கத் தலைப்பாகை வீரர் பக்கம் முழுவதும் நிறைந்திருக்கிறார். குதிரைக்காரன் அவருடைய முழங்கால் உயரம்கூட இல்லை. படத்தைச் சுற்றிப் போட்ட சிவப்புக் கோட்டுக்கு வெளியே, வெறுங்காலோடு கடிவாளம் பிடித்து நிற்கிறான். யார் பெரியவர் என்பதை உருவத்தின் அளவிலேயே சொல்லிவிட்டார்கள்.

“அடுத்த பக்கம் திருப்பும்மா” என்றார் மாமா. வேண்டாம் என்று சாச்சா கண்ணைக் காட்டியும் திருப்பினேன். சவாரிப் பக்கங்கள் புதிதுபோல் இருந்தன. குளம்பு நோய் மருந்துப் பக்கங்களில்தான் எண்ணெய்க் கட்டைவிரல் தடங்கள். அங்கேயும் அதே சின்ன மனிதர், குளம்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் மையால் ஒரு பெயர். மதரஸாவில் படித்த அரபு எழுத்துதானே என்று சத்தமாகக் கூட்டி வாசித்தேன். உஸ்மான்.

“வாயை வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியா?” என்று மாமா போன பிறகு சாச்சா திட்டினார். ஆனால் மாமா கோபப்படவில்லை. “குதிரைக்கு வைத்தியம் பார்த்தவரு ஒண்ணும் கொறைச்சல் இல்லம்மா. உங்க அத்தா ஏன் மாத்திச் சொன்னாரு? அவரே போன் பண்ணி சொல்லட்டும், அப்புறம் தேதி பாக்கலாம்” என்று எழுந்துவிட்டார். அக்கா ராத்திரி தன் பாயை என்னைவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அத்தா, துபாயில் குதிரைப் பள்ளி மேனேஜர் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய போட்டோவை இன்று மறுபடி பார்த்தேன். வெள்ளைக் குதிரைமேல் யாரோ ஒரு சிறுமி, ஓரத்தில் நீங்கள். கடிவாளத்தை முதல் படத்தில் உஸ்மான் பிடித்திருப்பதுபோலவே, குதிரையின் தாடைக்குக் கீழே பிடித்திருக்கிறீர்கள். யாரிடமும் நான் சொல்லவில்லை.

அந்தப் பெயரை உஸ்மானே எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். மெல்ல மெல்ல, அழகாக எழுதியிருக்கிறார். வீரர் படம் இருக்கும் பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொள்ள இடம் இருந்தும் எழுதவில்லை.

கடிதம் கிடைத்த அன்றைக்கே மாமாவுக்குப் போன் செய்யுங்கள், அத்தா. எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள். அல்லாஹ் உங்கள் கைகளுக்கு பரக்கத் தருவானாக.

உங்கள் மகள்
லுப்னா

அக்கா விளக்கை அணைத்துவிட்டாள். கடைசி வரிகள் கோணலாக இருக்கும்.