கல்பாலத்தின் மேலே போன எல்லப்பன்

வாய் நிறையச் சிரித்த என் சின்னம்மாவுக்கு,

உத்திரமேரூர் ஏரி இந்த ஐப்பசியில் நிரம்பிவிட்டது. உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்து, கோட்டைமேட்டுக் கல்பாலத்தின் கீழே ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போகிறது. எத்தனை ராஜாக்கள் காலத்துப் பாலமோ, ஒரு கல் அசையவில்லை.

அந்தப் பாலத்தில் நாம் நடக்கலாம், நெல் மூட்டை தூக்கிப் போகலாம். நம் தெருப் பிணம் மட்டும் போகக் கூடாது. கால்வாயில் இறங்கித்தான் அக்கரைச் சுடுகாட்டுக்குக் கரையேற வேண்டும். "நான் செத்தா மேல தூக்கிக்கினு போங்கடா, கீழ முக்கினா எனக்கு சளி புடிக்கும்" என்பாய். உன்னையும் இடுப்பளவுத் தண்ணீரில்தான் கொண்டுபோனோம். உன் மகன் முனுசாமி ஈர வேட்டியோடுதான் உனக்குக் கொள்ளி வைத்தான்.

போன வெள்ளிக்கிழமை உன் பக்கத்து வீட்டு எல்லப்பன் போய்விட்டார். அன்றைக்குத்தான் ஏரிக்குப் பூஜை. கலங்கல் வழிந்தால் ஊர்க்காரர்கள் பாலத்தின் நடுவில் நின்று கற்பூரம் காட்டுவார்களே, அதற்கு மேளம் மட்டும் நம் தெருவிலிருந்துதான். முனுசாமி நடுப்பாலத்தில் நின்று பறை அடித்துக்கொண்டிருந்தான். நான் கரையில் இருந்தேன்.

பாடை கரைக்கு வந்தது. தூக்கி வந்த நால்வரும் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டார்கள். முனுசாமியும் பார்த்தான். நின்ற இடத்திலேயே பூஜை அடியை நிறுத்திவிட்டுச் சாவு அடி அடிக்க ஆரம்பித்தான்.

பூஜையை முன்நின்று நடத்திய மணியக்காரர் திரும்பினார். "இன்னாடா அடி இது? பூஜை நடக்கறது கண்ணு தெரில?"

"தெரிதுங்க. எல்லப்பன் வந்துக்கினு கீறாருங்க."

"கீழ போவச் சொல்லு. வயக்கம் இன்னா?"

"கீழ போனா தூக்கறவங்க நாலு பேருக்கும் சேத்து அடிக்கணுங்க. எனக்குக் கை நோவும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். முனுசாமி அடியை நிறுத்தவில்லை. சாவு மேளம் கேட்டால் துண்டை எடுத்துவிட்டு ஒதுங்குவது எல்லாத் தெருவுக்கும் உள்ள பழக்கம்தானே? எல்லப்பன் ஏர் ஓட்டிய நிலத்துக்காரர் முதலில் தலைப்பாகையை அவிழ்த்தார், கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கினார். பின்னாலேயே மற்றவர்கள். பூஜைத் தட்டுகூட ஓரமாகப் போயிற்று. நடுவில் மணியக்காரர் ஒருவர்தான்.

பாடை பாலத்தில் ஏறி அவரிடம் வந்து நின்றது. அவர் எல்லப்பனின் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டார்.

நடந்ததை நடந்தபடி, நான் செய்தி அனுப்பும் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். ஏரி நிரம்பியது, விவசாயிகள் மகிழ்ச்சி என்று மட்டும் வந்தது. அதனால்தான் நாலு பேர் படிக்கட்டும் என்று இதை உன் பேருக்குக் கடிதமாக எழுதுகிறேன்.

ஊரில் இப்போதே பேச்சு வேறாக இருக்கிறது. "வெள்ளம்னு பாவம் பாத்து வுட்டோம்" என்கிறார்கள். அது பாவம் பார்த்ததா, சின்னம்மா? முனுசாமியிடம் கேட்டேன். "தண்ணி வத்தட்டும்ணா, பாத்துக்கலாம்" என்றான்.

அவனோடு நானும் நிற்பேன். இனி நம் தெருவில் யார் போனாலும், கால்வாய் காய்ந்து மணலாகக் கிடந்தாலும், பாலத்தின் மேலேதான் கொண்டுபோவோம்.

உன் அக்கா மகன்,
தணிகாசலம்