இடது பின் சக்கரத்தை நசுக்குமுன் கழற்றிப் பார்க்கக் கோரி

அனுப்புநர்:
டயர், சக்கரம் பொருத்தும் கடையின் பொறுப்பாளர்,
பேருந்துப் பணிமனைக்குப் பின்புறத் தெரு.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
விபத்து வாகனங்கள் நிறுத்துமிடம்.

பொருள்: சிவப்பு நிற, இரண்டு கதவு கூப்பே கார் – வரும் திங்கட்கிழமை நசுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பவிருப்பது – அதற்கு முன் இடது பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆய்வுப் பொறியாளரின் அறிக்கை.
2. எனது முந்தைய மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி காரை ஓட்டிச் சென்று இறந்தவன் என் உடன்பிறந்த தம்பி. தங்கள் அலுவலகக் கடிதங்களில் அவன் "இறந்த ஓட்டுநர்" என்று வருகிறான். வீட்டில் அவனுக்குக் குள்ளன் என்று பெயர். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை குள்ளமாக இருந்தவன், பிறகு நிலைப்படியில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்தான். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இந்த மனுவிலும் அவனை அப்படியே குறிப்பிடுகிறேன். வேறுவிதமாக எழுத எனக்குக் கை வரவில்லை.

2. மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். கோபத்தைக் காட்டக் கூடாது, சொந்தக் கதை கூடாது, ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்றார். மூன்றும் என்னால் ஆகாது என்று தெரிந்ததால் நானே எழுதுகிறேன். எங்காவது மரியாதை குறைந்தால் வேண்டுமென்று செய்ததல்ல. நட்டு போல்ட்டோடும் லாரிக்காரர்களோடும் பேசிப் பழகிய வாய்.

3. முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இழப்பீடு வேண்டாம். யார்மீதும் நடவடிக்கை வேண்டாம். அந்தக் காரும் வேண்டாம்; நசுக்க வேண்டுமென்றால் தாராளமாக நசுக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் இடது பின் சக்கரத்தைக் கழற்றி, அதற்குள் மறைந்திருக்கும் ஐந்து நட்டுகளை யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

4. "விபத்துக்குக் காரணம்: தோற்றத்துக்காகப் பொருத்தப்பட்ட ஸ்பேசர், பொருத்தியவரின் கவனக்குறைவால் தளர்ந்தது" என்று அறிக்கை சொல்கிறது. அந்தப் பொருத்தியவர் நான்தான். ஸ்பேசர் என்பது காரின் அச்சு முனையான ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் கனமான அலுமினிய வளையம். சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளி நிறுத்தும். முதலில் அந்த வளையத்தை ஐந்து நட்டுகளால் ஹப்போடு இறுக்க வேண்டும். பிறகு அதன்மேல் சக்கரத்தை ஏற்றி, வேறு ஐந்து நட்டுகளால் இறுக்க வேண்டும். உள் நட்டுகளைப் பார்க்க வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றாமல் வழியே இல்லை. அறிக்கை எழுதியவர் கழற்றவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் தெரிந்த வெள்ளி விளிம்பைப் பார்த்தார், எழுதினார், போனார். அவர்மீதும் எனக்குக் கோபமில்லை. அன்று அவர் பார்க்க வேண்டிய வண்டிகள் சுவர் ஓரமாக வரிசையில் நின்றன.

5. "தோற்றத்துக்காக" என்ற சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. குள்ளன் வாங்கும்போது அந்தக் காருக்குச் சக்கரங்களே கிடையாது; செங்கல்மேல் நின்றுகொண்டிருந்தது. அதற்கென்று உள்ள வீல்கள் கிடைக்காமல், வேறொரு காரின் வீல்களைத் தேடிப் பிடித்தோம். மாட்டிப் பார்த்தால் சக்கரம் உள்வாங்கி நின்றது. பின் டயர் ஷாக் அப்சார்பரை உரசியது. உரசுகிற டயர் என்றாவது ஒருநாள் வெடிக்கும். அதற்காகத்தான் ஸ்பேசர். அளவைத் தேர்ந்தெடுக்க நாங்கள் இருவரும் போட்ட சண்டையைத் தெருவே கேட்டிருக்கிறது. அவனுக்குப் பின்னால் 285 அகலத்தில் டயர் வேண்டும், முப்பது மில்லிமீட்டர் ஸ்பேசர் வேண்டும், சக்கரம் மட்கார்டை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நானோ கம்பெனி கொடுத்த 255 போதும் என்றேன். "கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி. நீ அவனுக்கு அக்கா" என்றான். கடைசியில் 265/35, பதினெட்டு அங்குலம் என்று ஒத்துக்கொண்டோம். டயரின் உயரம் ஒரு சென்டிமீட்டர்கூட அதிகமாகவில்லை. அதனால் வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லாது. இதையெல்லாம் நான் சொல்லித்தான் அவன் கேட்டான். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வேறு கடைக்காவது போயிருப்பான்.

6. ஸ்பேசர் இருபதா இருபத்தைந்தா என்பதை முடிவு செய்தவர் எங்கள் அப்பா. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், கனத்த உடம்பு. வெறும் காரில் இடைவெளி பார்த்து ஏமாறக் கூடாது, பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். அந்தக் காரின் பின்சீட்டில் வளர்ந்தவர்கள் உட்கார முடியாது. அப்பா உட்கார்ந்தார். முழங்கால் தாடையில் இடிக்க, தலை கூரையில் முட்ட, இது காரா கைப்பெட்டியா என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குள்ளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில், இடைவெளி பார்க்க வைத்திருந்த அட்டை அவன் கையில் நிற்கவில்லை. பிடுங்கி நானே நுழைத்துப் பார்த்தேன். இருபத்தைந்தில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அட்டை போகவில்லை. இருபதில் போயிற்று. அந்த அளவிலும் இரண்டு ஜோடியைத் திருப்பி அனுப்பினேன். நடுத்துளை பெரிதாக இருந்து ஹப்பில் லொடலொடவென்று ஆடியது. மூன்றாவது ஜோடிதான் உள்ளங்கையால் அழுத்தியதும் அசையாமல் உட்கார்ந்தது. தோற்றத்துக்காக வேலை செய்கிறவர்கள் இவ்வளவு மெனக்கெடுவார்களா என்பதைத் தாங்களே யோசிக்க வேண்டுகிறேன்.

7. எங்கள் கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. இந்த மனுவே அதை நம்பித்தான் இருக்கிறது. நட்டை இறுக்குபவர் ஒருவர், கோடு போடுபவர் இன்னொருவர். நாங்கள் பயன்படுத்தும் ரெஞ்ச், சரியான இறுக்கம் வந்ததும் "டக்" என்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மற்றவர் நட்டிலிருந்து வளையம்வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் இறுக்குவேன், குள்ளன் கோடு போடுவான். அவன் இடது கைக்காரன். கோட்டை முடிக்கும் இடத்தில் வால்போல ஒரு வளைவு விழும். நட்டுக்கு எதற்கடா அலங்காரம் என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஆயிரம் விளையாட்டு விளையாடுவான். ஆனால் சத்தம் கேட்காமல் கோடு மட்டும் போடமாட்டான்.

8. ஸ்பேசர் போட்ட வண்டி கொஞ்ச தூரம் ஓடியபின் திரும்பி வர வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, பழைய கோடுகளைத் துடைத்து, உள் நட்டுகளை மறுபடி இறுக்கி, புதுக் கோடு போட வேண்டும். குள்ளனும் வந்தான். வலதுபக்கம் முடித்தோம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இடதுபக்கம் இறுக்கிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் ஒரு லாரி டயர் வெடித்துத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹார்ன் அடித்தார்கள். நான் எழுந்து போனேன். ஐந்தாவது நட்டை முடித்துவிட்டு எழுந்தேனா, நான்காவதோடு எழுந்தேனா என்பது எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவன் சக்கரத்தை மேலே ஏற்றி வைத்திருந்தான். கோடு இல்லாத நட்டைக் கவனிக்காமல் ஏற்றிவிடக்கூடியவன்தான். கார் என்றால் அவன் மனசு அப்போதே சாலையில் இருக்கும். வெளி நட்டுகளை இறுக்கினேன், கோடு போட்டான், கிளம்பிப் போனான்.

9. அந்தச் சத்தத்தை இப்போதும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சில சமயம் ஐந்து கேட்கிறது. சில சமயம் நான்குதான் கேட்கிறது. யாராவது கதவைத் தாழிட்டால்கூட எண்ணத் தொடங்கிவிடுகிறேன். கடைக்கு வருகிற கார்களில் இறுக்கிய நட்டையே மறுபடியும் மறுபடியும் இறுக்குகிறேன். நட்டை இறுக்குறீங்களா, கழுத்தை நெரிக்கிறீங்களா என்று வழக்கமாக வரும் ஒரு டாக்சிக்காரர் கேலி செய்தார். சிரிக்கத்தான் முயன்றேன். அவர் அதன்பிறகு வரவில்லை.

10. மேம்பாலத்தின் இறக்கத்தில், வளைவில், தடுப்புச் சுவரில் கார் மோதியிருக்கிறது. சக்கரம் மடிந்து சிக்கியிருக்கிறது. சக்கரம் தளர்ந்ததால் கார் சுவரில் மோதியதா, சுவரில் மோதியதால் சக்கரம் மடிந்ததா? வேகமாக ஓட்டியிருக்கலாம், ஓட்டுவான், அதை மறைக்க நான் வரவில்லை. தங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வெளி நட்டுகளின் கோடுகள் வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போய்விட்டன. ஆனாலும் நேராகத்தான் இருக்கின்றன. உள்ளேயும் ஐந்து கோடுகள் நேராக இருந்தால் சக்கரம் தளரவில்லை என்று அர்த்தம். ஒன்று உடைந்திருந்தாலோ, ஒரு நட்டில் கோடே இல்லாமலிருந்தாலோ, அறிக்கை சொல்வது சரி. என் தம்பியை அனுப்பி வைத்தது என் கைதான்.

11. தங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை வந்தேன். யாரும் என்னை அவமதிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். முன் அறையில் இருக்கும் எழுத்தர் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஆய்வு முடிந்த வண்டியைத் திரும்பப் பிரிக்க விதியில்லை என்றார். பிறகு தணிந்த குரலில், "அம்மா, போனவர் போயிட்டார். இரும்பைப் பிரிச்சுப் பார்த்து என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். நல்ல மனுஷர், ஆறுதலாகத்தான் கேட்டார். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

12. அம்மா இல்லாத வீடு எங்களுடையது. இப்போது அப்பாவும் நானும் மட்டும். அறிக்கையின் நகல் வந்த அன்று அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முழுக்கப் படித்தார். மடித்து வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அஞ்சையும் இறுக்கினியா?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். எனக்குப் பொய் வரவில்லை. தெரியலைப்பா என்றேன். "உன் கை பட்ட வண்டியில இனி நான் ஏற மாட்டேன்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அவர் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பார்ப்பது எப்போதும் என் வேலை. இப்போது அதைத் தள்ளிக்கொண்டு, எங்கள் கடை வாசல் வழியாகவே, தெருக்கோடியில் இருக்கும் வேறு கடைக்குப் போகிறார். அங்கே காற்று சரியாக வைக்கமாட்டார்கள். முன் டயர் பாதி அமுங்கியபடியே திரும்பி வருகிறது. ஓடிப்போய்ப் பிடித்துக் காற்று வைக்கக் கை பரபரக்கும், நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நான் சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் வந்து உட்காருகிறார். எழுத்தர் கேட்ட கேள்விக்கு இதுதான் ஐயா பதில்.

13. இந்த மனுவும் மேசைக்கு மேசை நகர்ந்து, திங்கட்கிழமை தாண்டித்தான் தங்கள் கைக்கு வரும் என்று என் மனசு சொல்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) சக்கரத்தைக் கழற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். நான் கிட்டே வரமாட்டேன். நான் தொட்டால் நாளைக்கு நானே கோடு போட்டேன் என்பார்கள்.

ஆ) பார்த்ததை எனக்குச் சொல்ல வேண்டாம். என் அப்பாவை வரவழைத்து அவர் கண்ணால் பார்க்க வையுங்கள். அந்தக் கோட்டையும் அதன் வாலையும் அவருக்கு அடையாளம் தெரியும். என் கைதான் காரணம் என்றாலும் அதையும் அவரே பார்க்கட்டும். தெரியாமல் இருவரும் ஒரே வீட்டில் இருப்பதைவிட அது மேல்.

இ) கழற்றுபவர் என்னைப் போல ஒருவராகத்தான் இருப்பார். துருவேறிய நட்டைக் கண்டதும் அவர் கை தானாக எண்ணெய் ஸ்ப்ரேயை எடுக்கும். அடித்துவிட்டுத் துணியால் அழுந்த ஒரு துடை துடைக்கும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் கையோடு ஊறிய பழக்கம் அது. வெளி நட்டுகளுக்கு அடிக்கட்டும். உள்ளே மட்டும் அடிக்க வேண்டாம், துடைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெயிண்ட் கரைந்துவிடும். நேராக இருந்தாலும் உடைந்திருந்தாலும் அவை குள்ளன் இழுத்த கோடுகள். மழை படாமல் மிஞ்சியிருப்பவை அவைதான். அப்பா பார்த்து முடித்த பிறகு, கார் இயந்திரத்துக்குள் போகுமுன், நானும் ஒருமுறை பார்த்துக்கொள்ள அனுமதி தாருங்கள்.

இடம்: கடை
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
குள்ளனின் அக்கா,
அறிக்கையில் கண்ட "பொருத்தியவர்"